விவசாயம், ஆடு, மீன்: எது தொழில், எது பொழுதுபோக்கு? பினாங்குக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாலிக் பூலாவில் பத்து டுரியான் மரம், நிபோங் திபாலில் மூன்று ஏக்கர் செம்பனை, வீட்டுக்குப் பின்னால் ஆட்டுக் கொட்டகை, தெலுக் கும்பாரில் ஒரு படகில் பங்கு. சம்பள வேலைக்குப் பக்கத்தில் இப்படி ஏதாவது ஒன்று நம்மில் பலருக்கு உண்டு. வரிப் பாரம் நிரப்பும் மாதங்களில்தான் இதெல்லாம் நினைவுக்கு வரும்: வரிச் சட்டத்தின் பார்வையில் இது தொழிலா, வெறும் பொழுதுபோக்கா? சிறு தோட்டக்காரர்களுக்கும் படகுக்காரர்களுக்கும் கணக்கு எழுதிக் கொடுப்பவன் என்ற முறையில் என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லாம் மலேசியச் சட்டப்படிதான். பெரிய தொகை என்றால் உரிமம் பெற்ற வரி முகவரைப் பார்த்துவிடுங்கள்.

எவ்வளவு இருந்தால் தொழில் என்பார்கள்? எத்தனை மரம், எத்தனை ஆடு?

எண்ணிக்கை எதுவும் கிடையாது. 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 2ஆம் பிரிவு தொழில் என்றால் என்ன என்று சொல்கிறது. வாணிபம், உற்பத்தி, நிபுணத்துவத் தொழில், அப்புறம் வாணிபத் தன்மை கொண்ட எந்த முயற்சியும் அதில் அடங்கும். சம்பள உத்தியோகம் மட்டும் அடங்காது. ஏக்கர் கணக்கோ மரக் கணக்கோ அந்த வரையறையில் இல்லை.

அதனால் கேள்வி அளவைப் பற்றியது அல்ல, நடத்தும் விதத்தைப் பற்றியது. எட்டு மரம் வைத்திருக்கும் ஒருவர் பருவத்துக்கு முன் உரம் போட்டு, வலை கட்டி, விலை பேசி, வாங்குபவர்களை வரிசையாக வைத்து, ஆண்டு தவறாமல் விற்கிறார். இன்னொருவருக்குத் தாத்தா காலத்து மரம் முப்பது இருக்கிறது. விழுந்ததைப் பொறுக்கி உறவினர்களுக்குக் கொடுத்துவிட்டு, மிச்சத்தைச் சாலையோரக் கடைக்காரரிடம் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுகிறார். முதலாமவர் தொழில் செய்கிறார் என்று சொல்ல நான் தயங்க மாட்டேன். இரண்டாமவருக்கு மரம் அதிகம் இருந்தும் அதே பதிலைச் சொல்ல முடியாது.

அப்படியானால் எதை வைத்து முடிவு செய்கிறார்கள்?

நம் நீதிமன்றங்கள் நெடுங்காலமாகப் பிரிட்டிஷ் வழக்குகளில் உருவான அடையாளங்களைப் பயன்படுத்துகின்றன. 1955இல் பிரிட்டனின் அரச ஆணையம் ஒன்று அவற்றை ஆறாகத் தொகுத்தது: பொருளின் தன்மை, எவ்வளவு காலம் கையில் வைத்திருந்தார், எத்தனை முறை விற்றார், விற்பதற்காகக் கூடுதலாக என்ன வேலை செய்தார், விற்க நேர்ந்த சூழ்நிலை என்ன, நோக்கம் என்ன. ஒன்று இல்லை என்பதற்காக விழுந்துவிடாது, ஒன்று இருக்கிறது என்பதற்காக நின்றுவிடாது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பார்கள்.

இந்த ஆறில் சில, நிலத்தையோ பொருளையோ வாங்கி விற்பவரை மனதில் வைத்து வந்தவை. தோட்டத்துக்கும் படகுக்கும் அப்படியே பொருந்தாது. என் அனுபவத்தில் விவசாயத்தில் உண்மையாகவே எடை போடுவது நான்கு விஷயம்தான். லாபம் வர வேண்டும் என்று நடந்துகொள்கிறீர்களா? தொடர்ந்து செய்கிறீர்களா, அல்லது தோன்றும்போது மட்டுமா? அந்தத் துறையில் மற்றவர்கள் செய்வது போலச் செய்கிறீர்களா? கணக்கு வைத்திருக்கிறீர்களா?

மூன்றாவது பலருக்குப் புரிவதில்லை. கெலுலுட் என்ற கொட்டாத சிறு தேனீ வளர்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பத்துக் கூடு வைத்திருப்பவர் எந்தக் கூட்டில் எவ்வளவு தேன் என்று எழுதி வைக்கிறார், நலிந்த கூட்டை மாற்றுகிறார், புட்டிக்கும் முத்திரைக்கும் செலவு செய்கிறார், விலையை மற்றவர்களோடு ஒப்பிட்டு வைக்கிறார். இதையெல்லாம் செய்பவரைப் பார்த்து "பொழுதுபோக்கு" என்று அதிகாரி சொல்வது கடினம். ஆனால் கூட்டை வாங்கி வைத்துவிட்டு எப்போதாவது எட்டிப் பார்ப்பவர் என்ன சொன்னாலும் எடுபடாது.

நாலு வருடமாக நட்டம்தான். லாபம் இல்லாவிட்டால் அது தொழிலே இல்லையா?

லாபம் வந்தே தீர வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. லாபம் ஈட்டும் நோக்கமும் அதற்கு நியாயமான வாய்ப்பும் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஒட்டுக் கட்டிய டுரியான் கன்று காய்க்கவே நாலைந்து வருடம் ஆகும். விதைக்கன்று அதற்கும் மேல். செம்பனை சுமார் மூன்று வருடத்தில்தான் குலை தரும். அந்த வருடங்களில் நட்டம் வருவது பயிரின் இயல்பு, அதற்காக யாரும் உங்களைக் குறை சொல்ல முடியாது. நோய் வந்து இறால் குளம் காலியானதும் அப்படித்தான்.

ஆனால் மரம் காய்க்கும் வயதைத் தாண்டிய பிறகும் ஆண்டுக்கு ஆண்டு ஒரே மாதிரி நட்டம், அதைக் குறைக்க எதுவும் செய்யவில்லை, தோட்டத்தில் ஒரு வார இறுதி வீடு, அதற்குக் குளிர்சாதனம், அதற்கும் தோட்டச் செலவுப் பட்டியலில் இடம். இப்படி இருந்தால் கேள்வி வரத்தான் செய்யும்.

"ஐந்து வருடத்தில் மூன்று வருடம் லாபம் வந்தால் தொழில்" என்று இணையத்தில் படித்தேனே?

அது அமெரிக்க விதி. அங்கே ஐந்து ஆண்டில் மூன்று ஆண்டு லாபம் காட்டினால் தொழில் என்று முதலில் ஏற்றுக்கொள்வார்கள். குதிரை வளர்ப்புக்கு மட்டும் ஏழில் இரண்டு. அந்தக் கணக்கு இங்கே செல்லாது. மலேசியாவில் அப்படி ஒரு கணிதச் சோதனை இல்லை. யூடியூபில் வரும் வரி ஆலோசனைகளில் பாதி எந்த நாட்டைப் பற்றியது என்றே சொல்வதில்லை, கொஞ்சம் கவனமாக இருங்கள்.

நான் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். தோட்ட நட்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியுமா?

தொழில் என்று நிரூபிக்க முடிந்தால் முடியும். பலர் "தொழில்" என்ற பெயரை விரும்புவதற்கும், வரி வாரியம் அதை உற்றுப் பார்ப்பதற்கும் இதுவே காரணம்.

நடைமுறை இப்படி. சட்டத்தின் 44(2) பிரிவின்படி ஓர் ஆண்டில் தொழிலில் ஏற்பட்ட நட்டத்தை அதே ஆண்டின் மற்ற வருமானங்களில், சம்பளம் உட்பட, கழிக்கலாம். கழித்தும் மிச்சம் இருந்தால் அடுத்த ஆண்டுகளுக்குக் கொண்டுபோகலாம். ஆனால் அப்போது அதைத் தொழில் வருமானத்தில் மட்டுமே கழிக்க முடியும், சம்பளத்தில் அல்ல. 2019 மதிப்பீட்டாண்டு முதல் இதற்குப் பத்து ஆண்டு வரம்பும் உண்டு.

ஓர் உதாரணம். சம்பளம் 80,000 ரிங்கிட், தோட்டத்தில் நட்டம் 12,000 என்று வைத்துக்கொள்வோம். தொழில் என்றால் வரி 68,000ஐ அடிப்படையாக வைத்துத் தொடங்கும். தொழில் இல்லை என்றால் 80,000ஐ வைத்துத்தான். அந்த 12,000 உங்கள் சொந்தச் செலவு, உல்லாசப் பயணம் போய் வந்த காசு மாதிரி.

இங்கே ஓர் எச்சரிக்கை. இந்த ஆண்டு நட்டத்தைக் கழிக்கத் தொழில் என்று அறிவித்துவிட்டு, நல்ல விலை கிடைத்த ஆண்டில் மட்டும் "அது சும்மா வீட்டுத் தோட்டம்" என்று சொல்லி வருமானத்தை விட்டுவிடுவது நடக்காது. ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்தால் அதிலேயே நிற்க வேண்டும். இதைச் சொன்னால் சிலர் என்னைக் கோபமாகப் பார்க்கிறார்கள்.

மரங்களைக் குத்தகைக்கு விட்டுவிட்டேன். பருவத்துக்கு ஒரு தொகை வாங்கிக்கொள்கிறேன். நான் தொழில் செய்கிறேனா?

பாலிக் பூலாவிலும் சுங்கை பாக்காப் பக்கத்திலும் இது மிகச் சாதாரணம். பூ பிடித்ததும் குத்தகைக்காரர் வந்து மரத்தைப் பார்த்து ஒரு விலை சொல்வார். பிறகு காவல், பொறுக்குவது, விற்பது எல்லாம் அவர் பாடு. விலை ஏறினாலும் விழுந்தாலும் உங்களுக்குக் கிடைப்பது அதே தொகை.

அவர் தொழில் செய்கிறார் என்பதில் சந்தேகம் இல்லை. உங்கள் நிலைமை வேறு. நீங்கள் எந்த வேலையும் செய்யாமல், எந்த இடரையும் ஏற்காமல் தொகையை மட்டும் வாங்கினால் அது பெரும்பாலும் வாடகை போன்ற வருமானம். வரி உண்டு, ஆனால் தொழில் வருமானம் இல்லை. அந்த வருமானத்துக்காக நேரடியாகச் செய்த செலவைக் கழிக்கலாம். செலவு வருமானத்தை மிஞ்சினால், மிஞ்சியதைச் சம்பளத்தில் கழிக்கவோ அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் செல்லவோ முடியாது.

தோட்டம் தனியார் நிறுவனத்தின் பெயரில், அதாவது செண்டிரியான் பெர்ஹாட் பெயரில், இருந்தால் கதை மாறுகிறது. இதற்கு ஒரு புகழ்பெற்ற வழக்கு உண்டு. அமெரிக்கன் லீஃப் பிளெண்டிங் என்ற நிறுவனம் மலேசியாவில் புகையிலைத் தொழில் செய்து நட்டப்பட்டு நிறுத்தியது. பிறகு தன் கட்டடத்தை வாடகைக்கு விட்டது. அந்த வாடகையும் தொழில் வருமானம்தான், எனவே பழைய நட்டத்தை அதில் கழிக்கலாம் என்று வாதாடியது. அப்போது நம் வழக்குகளின் இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் 1978இல் நிறுவனத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. லாபத்துக்காகத் தொடங்கப்பட்ட நிறுவனம் தன் சொத்தை வருமானம் வரும்படி பயன்படுத்தினால் அது தொழில் என்றே முதல் பார்வையில் கொள்ளப்படும். தனி ஆளுக்கு அந்த அனுமானம் கிடையாது என்பதையும் அதே தீர்ப்பு சொன்னது. அதனால் ஒரே மரம், ஒரே குத்தகைக்காரர், ஒரே தொகையாக இருந்தாலும் பட்டாவில் இருப்பது உங்கள் பெயரா, நிறுவனத்தின் பெயரா என்பதைப் பொறுத்துப் பதில் மாறலாம்.

எஸ்எஸ்எம்மில் (மலேசிய நிறுவனங்கள் ஆணையம்) பதிந்துவிட்டேன். இனி அது தொழில்தானே?

பதிவு ஒரு சாட்சி, தீர்ப்பு அல்ல. எஸ்எஸ்எம் நடத்தும் 1956ஆம் ஆண்டு வணிகப் பதிவுச் சட்டம் ஆதாய நோக்கத்தோடு நடத்தும் எந்த நடவடிக்கையையும் வணிகம் என்கிறது. தொடங்கி 30 நாளுக்குள் பதிய வேண்டும். சொந்தப் பெயரில் ஆண்டுக்கு 30 ரிங்கிட், வணிகப் பெயரில் 60 ரிங்கிட். அந்தச் சட்டத்தின் அட்டவணையில் சில வேலைகளுக்கு விலக்கும் உண்டு. உங்களுடையது அதில் வருமா என்று பணம் கட்டுவதற்கு முன் கவுண்டரிலேயே கேட்டுவிடுங்கள்.

பதிந்துவிட்டு ஒன்றும் செய்யாதவருக்குத் தொழில் இல்லை. பதியாமல் வாரா வாரம் கீரை கொண்டுபோய் விற்பவருக்குத் தொழில் இருக்கிறது, வரியும் இருக்கிறது. ஆனால் அக்ரோபேங்க்கிலோ, தெக்குன் என்ற அரசு நிறுவனம் இந்தியத் தொழில்முனைவோருக்கு நடத்தும் ஸ்புமி திட்டத்திலோ கடன் கேட்கப் போகிறவர்கள் பதிவுச் சான்றிதழையும் வங்கிக் கணக்கு அறிக்கையையும் கையோடு கொண்டுபோங்கள். கடன் கொடுப்பவர் முதலில் பார்ப்பது காகிதத்தைத்தான்.

நிலப் பட்டாவில் "விவசாயம்" என்று இருக்கிறது. அது போதாதா?

போதாது. பட்டாவில் இருப்பது நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்ற வகைப்பாடு மட்டும்தான். அதில் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பது தனி.

திருப்பியும் கேட்பார்கள்: அரசாங்க நிலத்தில் அனுமதி இல்லாமல் வாழை போட்டிருக்கிறேன், அதற்கு வரி வராதல்லவா என்று. வரும். அனுமதி இல்லாதது நில அலுவலகத்தோடு உள்ள பிரச்சினை. வருமானம் வருமானம்தான்.

செம்பனைக்கு எம்பிஓபி (மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியம்) உரிமம் வைத்திருக்கிறேன். மூன்று ஏக்கர்தான்.

உரிமம் இல்லாமல் குலையை விற்கவே முடியாது, ஆகவே சிறு தோட்டக்காரர் எல்லாரிடமும் அது இருக்கும். 2020 ஜனவரி முதல் எம்எஸ்பிஓ என்ற நிலைத்தன்மைச் சான்றும் கட்டாயம். இவை இருப்பதும், மாதம் இரண்டு முறை குலை வெட்டி ஆலைக்கோ முகவருக்கோ அனுப்பிய ரசீதுகள் இருப்பதும் தொழில் என்பதற்கு வலுவான ஆதாரம். செம்பனைக்காரர்களுக்கு இந்த விஷயத்தில் நான் அதிகம் கவலைப்படுவதில்லை. காகிதம் தானாகவே சேர்ந்துவிடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை தூண்டில் போடுகிறேன். சில நேரம் மீனை உணவகத்துக்கு விற்கிறேன்.

சில நேரம் என்றால் எவ்வளவு? நண்பர்களோடு போய், நிறையக் கிடைத்த அன்று பெட்ரோல் காசுக்கு இரண்டு களவா விற்பது தொழில் அல்ல. அதே உணவகம் வாரந்தோறும் எதிர்பார்த்துக் காத்திருக்கிறது, அதற்காகவே நீங்கள் ஐஸ் பெட்டியும் இரண்டாவது இயந்திரமும் வாங்கியிருக்கிறீர்கள் என்றால் அது வேறு.

அப்புறம் வரியைத் தாண்டிய ஒரு விஷயம் உண்டு. 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டப்படி மீன்பிடிப் படகுக்கு உரிமம் வேண்டும். எந்தக் கருவியை எந்த மண்டலத்தில் பயன்படுத்தலாம் என்பதும் அதில் அடங்கும். கரையோர மண்டலம் பாரம்பரியக் கருவி வைத்திருக்கும் சிறு மீனவர்களுக்கானது. மானிய டீசலும் வாழ்க்கைச் செலவு உதவித்தொகையும் மீன்வளத் துறையின் பதிவில் இருக்கும் மீனவர்களுக்குத்தான். 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் டீசல் 2.15இலிருந்து 3.35 ரிங்கிட்டுக்கு ஏறியபோது உரிமம் இல்லாமல் ஓட்டியவர்களுக்கு அந்த வேறுபாடு நன்றாகவே உறைத்தது.

ஒரே ஆள் வரி வாரியத்துக்குத் தொழில்காரராகவும், மீன்வளத் துறைக்கு மீனவர் இல்லாதவராகவும் இருக்கலாம். ஒவ்வோர் அலுவலகமும் தன் சட்டத்தை வைத்துத்தான் பார்க்கும். "தொழிலா?" என்று யாராவது கேட்டால், யார் எதற்காகக் கேட்கிறார் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

படகு என்னுடையது இல்லை. பங்குக்குப் போகிறேன். நான் தொழிலாளியா, தொழில் செய்பவனா?

டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழித்துவிட்டு, படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு என்று பிரிப்பது நம் கடற்கரைகளில் பழைய வழக்கம். பங்கு என்ற பெயரே எதையும் முடிவு செய்யாது. மீன் இல்லாத நாளில் உங்களுக்கும் ஒன்றும் இல்லை, செலவிலும் உங்களுக்குப் பங்கு, வேறு படகுக்குப் போக விருப்பப்பட்டால் போகலாம் என்றால் நீங்கள் சுயதொழில் பக்கம் சாய்கிறீர்கள். குறைந்தபட்சத் தொகை உறுதி, தவுக்கே (முதலாளி) சொல்லும் நேரத்தில்தான் போக வேண்டும், லீவு கேட்க வேண்டும் என்றால் அது சம்பள வேலை, வேறு பெயரில்.

சுயதொழில் என்றால் 2017ஆம் ஆண்டு சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பெர்கெசோவில் (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) பதிந்துகொள்ளலாம். விவசாயம், கால்நடை, மீன்பிடிப்பு ஆகிய துறைகளுக்கு 2020 முதல் அது விரிவுபடுத்தப்பட்டது. கடலில் விரல் போனவரைப் பார்த்தவர்களுக்கு இதைப் பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பு முப்பது ஆடு வாங்கி விற்கிறேன். மற்ற மாதங்களில் எதுவும் இல்லை.

ஆண்டுக்கு ஒரு மாதம்தான் என்பதால் தொழில் இல்லை என்று ஆகாது. விற்பதற்காகவே வாங்குகிறீர்கள், ஆண்டுதோறும் செய்கிறீர்கள், லாபம்தான் நோக்கம். ஒரே ஒரு தடவை செய்தால்கூட வாணிபத் தன்மையுள்ள முயற்சி என்று பிடிக்கலாம்.

ஆனால் இது ஆட்டு வியாபாரம், ஆடு வளர்ப்பு அல்ல. கொட்டகை கட்டி, குட்டி எடுத்து, ஆண்டு முழுக்கத் தீவனம் போடுபவரும் தீபாவளிக்குத்தான் விற்பார், ஆனால் அவர் கால்நடை விவசாயி. விவசாயக் கட்டடங்களுக்கான சலுகைகளைப் பற்றிக் கேட்கும்போது இந்த வேறுபாடு முக்கியம். கொட்டகை எங்கே கட்டலாம், பக்கத்து வீட்டுக்காரர் வாடை என்று புகார் செய்தால் என்ன ஆகும் என்பதற்கெல்லாம் செபராங் பிறை மாநகர் மன்றத்தையோ பினாங்குத் தீவு மாநகர் மன்றத்தையோதான் கேட்க வேண்டும்.

வீட்டுக்கு நாமே வெட்டிய ஆடு, வீட்டுக்கு எடுத்த பழம்?

தொழிலின் கையிருப்பிலிருந்து சொந்த உபயோகத்துக்கு எடுத்தால், எடுத்த அன்றைய சந்தை விலையை வருமானமாகச் சேர்க்க வேண்டும் என்று வருமான வரிச் சட்டத்தின் 24(2) பிரிவு சொல்கிறது. இரண்டு டுரியானுக்கு யாரும் வந்து கேட்கப் போவதில்லை. ஆனால் மகள் கல்யாணத்துக்கு எட்டு ஆடு வெட்டினால் எழுதி வையுங்கள். தீவனச் செலவு முழுவதையும் கழித்துவிட்டு, எட்டு ஆடு எங்கே போனது என்று கேட்டால் விழிக்கக் கூடாது.

எந்தச் செலவைக் கழிக்கலாம்?

வருமானம் ஈட்டுவதற்காகவே முழுக்க முழுக்கச் செய்த செலவு: உரம், மருந்து, தீவனம், கூலி, டீசல், ஐஸ், வலை தைத்தது. வீட்டுக்கும் தோட்டத்துக்கும் ஒரே பிக்கப் லாரி என்றால் பிரித்துத்தான் கழிக்க வேண்டும்.

நிலத்தில் போடும் பெரிய செலவு மூலதனம், அதை ஒரே ஆண்டில் கழிக்க முடியாது. அதற்குப் பதிலாக வருமான வரிச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் விவசாயக் கழிவு இருக்கிறது. காட்டை வெட்டி நிலத்தைத் தயார் செய்வது, அந்த நிலத்தில் முதன்முறை நடுவது, தோட்டத்துக்குள் பாதையோ பாலமோ போடுவது ஆகியவற்றுக்கு ஆண்டுக்கு 50 சதவீதம், அதாவது இரண்டு ஆண்டில் முழுவதும். தோட்டத் தொழிலாளர் தங்கும் வீட்டுக்கு 20 சதவீதம், தோட்டத்தின் மற்றக் கட்டடங்களுக்கு 10 சதவீதம். பழைய மரத்தை எடுத்துவிட்டு அதே பயிரை மறுநடவு செய்தால் அது மூலதனமாகப் போகாது, அந்த ஆண்டின் செலவாகவே கழிக்கலாம். ரப்பரை எடுத்துவிட்டு டுரியான் வைத்தால் அது மறுநடவு ஆகாது. இந்த ஒரு வரியை நடுவதற்கு முன்பே தெரிந்துகொண்டவர்கள் குறைவு.

தொழில் தொடங்குவதற்கு முன் செய்த அன்றாடச் செலவுகள் பொதுவாகக் கழிவுக்கு வராது. எப்போது தொடங்கியது என்பதற்கு ஆதாரம் வைத்திருக்க இதுவும் ஒரு காரணம்.

அப்பா விட்டுப் போன தோட்டம். நாங்கள் நான்கு பேர் பணத்தைப் பிரித்துக்கொள்கிறோம். இது கூட்டுத் தொழிலா?

சொத்து பொதுவில் இருக்கிறது, பணத்தைப் பிரிக்கிறோம் என்பதால் மட்டும் கூட்டுத் தொழில் ஆகிவிடாது. 1961ஆம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டமே அதைச் சொல்கிறது. லாப நோக்கத்தோடு சேர்ந்து நடத்த வேண்டும்.

பெரும்பாலான குடும்பங்களில் நான் பார்ப்பது, அண்ணன் ஒருவர் அங்கேயே இருந்து எல்லாம் செய்கிறார், மற்ற மூவரும் ஜார்ஜ்டவுனிலோ கோலாலம்பூரிலோ இருந்துகொண்டு பங்கு வாங்குகிறார்கள். அப்போது தொழில் செய்பவர் அண்ணன். மற்றவர்களுக்கு வருவது நிலத்துக்கான பங்கா, பாசத்துக்கான பங்கா என்பதைக் குடும்பத்தில் உட்கார்ந்து பேசி எழுதி வைத்துவிடுங்கள். நான்கு பேரும் முடிவெடுத்து, செலவிலும் நட்டத்திலும் பங்கேற்றால் கூட்டாண்மை. அதற்குக் கூட்டாண்மைக்குரிய P பாரமும், ஒவ்வொருவரும் தங்கள் பங்கைக் காட்டும் தனிப் பாரமும் (B) உண்டு.

தோட்டத்துக்கு ஆள் வந்து டுரியான் சாப்பிட்டுப் போகிறார்கள், இரவு தங்குகிறார்கள். மீன் குளத்தில் கட்டணம் கட்டித் தூண்டில் போடுகிறார்கள்.

தொழில்தான், சந்தேகமே வேண்டாம். ஆனால் அதில் எது விவசாயம் என்று பிரிக்க வேண்டும். பழம் விளைவித்து விற்பது விவசாயம். அறை வாடகை விவசாயம் அல்ல. மணிக்கணக்கில் தூண்டில் கட்டணம் வாங்கும் குளம் பொழுதுபோக்குச் சேவை, மீன் வேறெங்கோ வாங்கி விட்டது என்றால் இன்னும் தெளிவு. தங்கும் அறைக்கு விவசாயக் கட்டடக் கழிவு கேட்டுவிட்டுப் பிறகு விளக்கம் எழுதுவதைவிட, இரண்டு கணக்காக வைத்துக்கொள்வது நல்லது.

பழம் வாங்க வந்தவர் என் அடையாள அட்டை எண்ணைக் கேட்டு, "நீங்கள் தொழில் செய்பவரா?" என்றும் கேட்கிறார். ஏன்?

மின்-விலைப்பட்டியல், அதாவது இ-இன்வாய்ஸ். பெரிய நிறுவனங்களுக்கு 2024 ஆகஸ்ட்டில் தொடங்கிப் படிப்படியாக மற்றவர்களுக்கும் வந்தது. தொழில் செய்யாத தனி நபரிடமிருந்து பொருள் வாங்கினால், அவர் சார்பில் வாங்குபவரே விலைப்பட்டியல் போட வேண்டும் என்பது விதி. அதனால்தான் கேட்கிறார்.

யோசித்துப் பதில் சொல்லுங்கள். "இல்லை" என்று சொன்னது உங்கள் அடையாள எண்ணோடு பதிவாகிறது. அதே ஆண்டு உங்கள் வரிப் பாரத்தில் தோட்டத் தொழிலில் நட்டம் என்று எழுதினால் இரண்டும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும்.

என்னென்ன காகிதம் வைத்திருக்க வேண்டும்?

ரசீதுகள், வங்கி அறிக்கை, விற்ற பதிவு. ஏழு ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். ஆண்டு விற்பனை 150,000 ரிங்கிட்டைத் தாண்டினால் வரிசை எண்ணிட்ட ரசீதும் கொடுக்க வேண்டும்.

அதோடு சட்டம் கேட்காத ஒன்றையும் நான் கேட்பேன்: ஒரு நோட்டுப் புத்தகம். எந்தத் தேதியில் உரம் போட்டது, எந்த மரம் பட்டுப்போனது, எத்தனை குட்டி, எந்த நாளில் கடல் கொந்தளித்துப் படகு இறங்கவில்லை, யார் என்ன விலை சொன்னார். தமிழிலேயே எழுதுங்கள். நீங்கள் தோட்டத்தை எப்படி நடத்தினீர்கள் என்பதை மூன்று வருடம் கழித்து எந்த ரசீதும் காட்டாது, அந்த நோட்டு காட்டும். தோட்டத்துக்கென்று தனி வங்கிக் கணக்கும் திறந்துவிடுங்கள். வீட்டு மளிகையும் ஆட்டுத் தீவனமும் ஒரே அட்டையில் போனால் உங்களுக்கே பிரிக்கத் தெரியாது.

எந்தப் பாரம், எப்போது?

தொழில் வருமானம் இருந்தால் பி (B) பாரம், கடைசி நாள் ஜூன் 30. சம்பளம் மட்டும் என்றால் பிஇ பாரம், ஏப்ரல் 30. மின்வழியில் அனுப்புபவர்களுக்கு வழக்கமாக இன்னும் 15 நாள் கிடைக்கும். தொழிலில் நட்டம் என்றாலும் பி பாரம் அனுப்பத்தான் வேண்டும். முதல் முறை அனுப்பிய பிறகு சிபி500 என்று ஒரு கடிதம் வரலாம். அது அபராதம் அல்ல, மார்ச் முதல் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை என்று ஆறு தவணையாக முன்கூட்டியே கட்டச் சொல்வது. விளைச்சல் போய்விட்டது என்றால் தொகையைக் குறைக்க விண்ணப்பிக்கலாம்.

தோட்டத்தையே விற்றுவிட்டால்?

பரம்பரைத் தோட்டத்தை, பல ஆண்டு பயிர் செய்துவிட்டு, ஒரே துண்டாக விற்றால் அது பொதுவாகச் சொத்து விற்பனை. அதற்குச் சொத்து லாப வரிச் சட்டம். 2022 முதல் மலேசியக் குடிமகன் ஆறாம் ஆண்டிலோ அதற்குப் பிறகோ விற்றால் விகிதம் பூஜ்யம். ஆனால் வாங்கிய கொஞ்ச நாளிலேயே துண்டு போட்டு, சாலை போட்டு, விளம்பரம் செய்து மனை மனையாக விற்றால், மேலே சொன்ன அந்த ஆறு அடையாளங்களும் திரும்ப வரும். இம்முறை நிலத்தின் மீதே. நடுவில் நாலு டுரியான் மரம் நிற்கிறது என்பதால் அது விவசாயம் ஆகிவிடாது, வருமான வரிதான்.